நாளைக் காலை பத்து மணிக்கு

மொழி என்பது பழக்கம். இதை நான் சொல்லவில்லை. மொழிப் பழக்க நிலையத்தின் வாசலில் ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே இன்னொரு வரி: ஒவ்வொருவருக்கும் ஒரு தனிப்பாதை. அதற்கும் கீழே ஒரே ஒரு கதவு. பத்து மணிக்குத் திறக்கும், பத்து மணி ஒரு நிமிடத்துக்குச் சாத்திவிடுவார்கள். முப்பத்தெட்டு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவன் நான். இவ்வளவு கறாரான கதவை எந்தக் கட்டடத்திலும் பார்த்ததில்லை. லிஃப்ட் கதவாவது குறுக்கே கையை நீட்டினால் திறந்துகொள்ளும்.

அங்கே நான் போனது என் மனைவிக்காக. மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, ஒரே காலையில் அவளுக்கு வலது கையும் பேச்சும் போயின. மூன்று வாரம் கழித்துப் பேச்சு திரும்பியது. ஆனால் திரும்பி வந்தது எங்கள் வீட்டில் பேசுகிற மொழி இல்லை. அவள் பிறந்த ஊரின் மொழி.

"பின்னால கத்துக்கிட்டதுதான் முதல்ல போகும்" என்றார் டாக்டர். "சின்ன வயசுல வந்தது நிக்கும். ஞாபகமும் அப்படித்தான். ஒரு முப்பது வருஷம் பின்னால போயிருக்காங்கன்னு வச்சுக்கோங்களேன்."

"அப்ப என்னைத் தெரியுமா டாக்டர்?"

"முப்பது வருஷத்துக்கு முன்னாடி இருந்த உங்களைத் தெரியும்" என்றவர், என் வழுக்கையையும் வெள்ளை மீசையையும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். "அடுத்த அடைப்பு எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது. பேச வேண்டியதை இப்பவே பேசிடுங்க."

பேசலாம். எந்த மொழியில் பேசுவது?

அவள் ஊருக்கு நான் ஒரு ஓட்டலில் லிஃப்ட் போடப் போயிருந்தேன். அந்த ஓட்டலில் துணி மடிக்கிற வேலை அவளுக்கு. மின்சாரம் போய் இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டாள். மூன்று மணி நேரம், கதவுக்கு அந்தப் பக்கம் அவள் தன் மொழியில் அழ, இந்தப் பக்கம் நான் என் மொழியில் பயப்படாதே, பயப்படாதே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவர் சொன்னது மற்றவருக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. அடுத்த வருடம் கல்யாணம். ஆறு மாதத்தில் என் மொழியைக் கற்றுக்கொண்டாள். ஒரு வருடத்தில் அதில் என்னோடு சரளமாகச் சண்டை போட்டாள். நான் அவள் மொழியில் ஒரு சொல் கற்கவில்லை. அவளுக்குத்தான் வந்துவிட்டதே, எனக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன். முப்பத்தொரு வருடச் சோம்பேறித்தனம். இதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் பக்கத்தில் உயிரோடு யாரும் இல்லை. போனில் மொழிபெயர்க்கச் சொல்லிப் பார்த்தேன். கோணிய வாயிலிருந்து வந்த பேச்சு அதற்குப் பிடிபடவில்லை, ஒரு தடவை வானிலை அறிக்கை வாசித்தது.

தினமும் சாயங்காலம் ஏழு மணி வாக்கில் அவள் என் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பாள். எப்போதும் அதே கேள்வி, கடைசியில் குரல் மேலே ஏறும். தண்ணீரா என்று கொடுத்தேன். தலையணையை மாற்றினேன். ஜன்னலைத் திறந்தேன், மூடினேன். அவள் மறுபடி கேட்பாள். இருபது தடவை, முப்பது தடவை. பிறகு அழுவாள். அந்த ஒரு கேள்வி எனக்குப் புரிய வேண்டும், அதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். என் தேவை அவ்வளவுதான்.

நிலையத்தில் என்னை முதலில் தனிப்பாதை அலுவலரிடம் அனுப்பினார்கள். அவர் ஒரு படிவத்தை நீட்டினார்.

"கற்கும் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. வேலை, வணிகம், பயணம், பொழுதுபோக்கு. நாலுல ஒண்ணு டிக் பண்ணுங்க."

"என் வீட்டுக்காரியோட பேசணுங்க."

"அது பொழுதுபோக்குல வருமா?"

யோசித்துப் பார்த்தேன். முன்பெல்லாம் வந்திருக்கும். "இப்ப வராதுங்க" என்றேன்.

"தொழில் என்ன?"

"லிஃப்ட் மெக்கானிக். ரிட்டயர் ஆயிட்டேன்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. 'வேலை' என்ற கட்டத்தில் அவரே டிக் போட்டார். "பாருங்க, உங்களுக்குன்னே ஒரு பாதை ரெடியா இருக்கு. லிஃப்ட் பாதை! இதத்தான் தனிக் கவனம்னு சொல்றோம்."

"ஐயா, அவ கேக்கறது ஒரே ஒரு கேள்வி. நான் சொல்லிக் காட்டறேன். அர்த்தம் மட்டும் சொல்லிட்டீங்கன்னா நான் பாட்டுக்குப் போயிடுவேன்" என்று, மனப்பாடம் செய்து வைத்திருந்ததை அப்படியே ஒப்பித்தேன்.

அவர் காதைப் பொத்திக்கொள்ளாத குறைதான். "உங்க பாதை பதில் பாதை. கேள்வியெல்லாம் ரெண்டாம் கட்டம். இப்பவே தலையில ஏத்திக்கிட்டீங்கன்னா பழக்கம் கலங்கிடும்."

அந்தக் கேள்வியின் ஒலியை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்களும் என்னைப் போலத் தப்பாகச் சொல்வீர்கள்.

நிலையத்தில் ஆசிரியர் என்று யாரும் கிடையாது. பன்னிரண்டு கூண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு நாற்காலி, ஒரு ஹெட்போன், ஒரு சிவப்பு விளக்கு. ஹெட்போனில் ஒரு குரல் எதையோ கேட்கும். கடைசியில் குரல் ஏறினால் அது கேள்வி. உடனே என் வரியைச் சொல்ல வேண்டும். எனக்குக் கொடுத்த வரி ஒன்றே ஒன்று. கேட்கிற கேள்வி எதுவானாலும் பதில் அதுதான். அரை நொடி தாமதித்தால் சிவப்பு விளக்கு எரியும், கணக்கு பூஜ்யத்துக்குப் போகும். ஒரு நாளைக்கு இருநூறு தடவை. அறுபது நாள். ஒரு நாள் தவறினாலும் மறுபடி முதல் நாள்.

அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். அதற்குப் பழக்க இயக்குநரே கூண்டுக்கு வந்துவிட்டார். கற்பவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் கடிகாரம். இரண்டு மணிக்கட்டிலும் கடிகாரம் கட்டியிருப்பார். ஒன்று தவறினால் இன்னொன்று இருக்கிறதாம்.

"அர்த்தம் தெரிஞ்சா குழந்தை பேசுது?" என்றார். "அம்மான்னு கூப்பிடற குழந்தைகிட்ட, அம்மான்னா என்னன்னு கேட்டுப் பாருங்க. முழிக்கும். இருந்தாலும் பேசுதா இல்லையா? அர்த்தம்ங்கறது ஒரு கெட்ட பழக்கம் சார். பெரியவங்களுக்குத்தான் அது தொத்திக்கும். அறுபதாம் நாள் உங்க வரியோட அர்த்தத்த உறையில போட்டுக் குடுப்போம். சீல் வச்சு. அது வரைக்கும் வாய நம்புங்க, மண்டைய நம்பாதீங்க."

பக்கத்துக் கூண்டில் ரொட்டிக் கடைக்காரர் ஒருவர் இருந்தார். அவர் பாதை ரொட்டிப் பாதை. ஒரு நாள் தடுப்புக்கு மேலாகக் காது கொடுத்துக் கேட்டேன். அவர் வரியும் என் வரியும் ஒன்றேதான், ஒரு சொல்தான் வேறு. தனிப்பாதை அலுவலரிடம் போய்ச் சொன்னேன்.

"ஒரு சொல் வேறயா இருக்கில்ல?" என்றார், சற்றே மனம் புண்பட்டு. "அதுதான் தனிப்பாதை."

வீட்டுப் பாடமும் உண்டு. தினமும் ஒரே நேரத்தில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, உயிருள்ள ஒருவரிடம் வரியைச் சொல்ல வேண்டும். எனக்கு இருந்த உயிருள்ள ஒருவர் அவள்தான். முதல் வாரக் கடைசியில் ஒரு சாயங்காலம், ஏழு மணிக்கு அவள் வழக்கம்போலக் கேட்டாள். குரல் மேலே ஏறியது. நான் யோசிக்கவில்லை. என் வரியைச் சொன்னேன்.

அவள் தலையணையிலிருந்து முகத்தைத் திருப்பினாள். என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு இடது பக்க உதட்டில் மட்டும் ஒரு சிரிப்பு வந்தது. தலையை ஆட்டினாள். மறுபடி கேட்கவில்லை, அழவுமில்லை. கண்ணை மூடித் தூங்கிப் போனாள்.

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். நான் சொன்ன ஒன்று அவளுக்குப் புரிந்திருக்கிறது! நிலையத்தைத் திட்டிய வாயாலேயே அதை வாழ்த்தினேன். என்ன சொன்னேன் என்று எனக்குத் தெரியாது, ஆனால் நல்லதாகத்தான் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அன்றிலிருந்து ஏழு மணிப் பாடத்தை ஒரு நாளும் விடவில்லை. சொல்ல வேண்டியது, அவள் சிரிப்பாள், தூங்குவாள்.

காலையில் நான் நிலையத்துக்குப் போகும்போது வீட்டில் என் தங்கை இருப்பாள். அவள் ஒரு நாள் சொன்னாள்.

"அண்ணா, அண்ணி இப்பல்லாம் காலையில எழுந்ததும் தலை வாரிவிடச் சொல்லி சைகை காட்டறாங்க. அந்த நீல டிரெஸ்ஸத்தான் போடணுமாம். நாற்காலியக் கதவப் பாத்துத் திருப்பச் சொல்றாங்க. அப்புறம் இடது கைய விரிச்சு இப்படி ஒரு தடவை, திரும்ப இப்படி ஒரு தடவை. அஞ்சு, மறுபடி அஞ்சு. என்ன வேணும்னே புரியல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. கதவையே பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. பத்தே முக்கால், பதினொண்ணு ஆனா முகத்தச் சுவத்துப் பக்கம் திருப்பிக்குவாங்க. சாப்பிட மாட்டாங்க."

இதை நான் கடிகாரத்திடம் சொன்னேன். மகிழ்ந்துபோய் எழுதிக்கொண்டார். "நோயாளி தானாகவே ஒரு காலை ஒழுங்கை உருவாக்கிக்கொண்டார்" என்று எழுதினார். "பாத்தீங்களா? பழக்கம் வீட்டுக்கும் பரவுது. இது எங்க ஆண்டறிக்கையில வரும்."

"நீங்க ஒரு தடவை வந்து அவளைப் பாத்தீங்கன்னா..."

"நாங்க பாக்கக் கூடாது சார். ஆளப் பாத்தா இரக்கம் வரும். இரக்கம் வந்தா ஆளுக்கு ஆள் வித்தியாசம் காட்டச் சொல்லும். அப்புறம் தனிப்பாதை எப்படி நடத்தறது?"

பத்தொன்பதாம் நாள் அவள் குளியலறையில் விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் நாள் போயிற்று. மறுநாள் டாக்டரின் கடிதத்தோடு நிலையத்துக்குப் போனேன். கடிகாரம் அதை முழுசாகப் படித்தார், நெற்றியைச் சுருக்கி வருத்தமும் பட்டார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"எனக்குப் புரியுது சார். ஆனா பழக்கத்துக்குப் படிக்கத் தெரியாதே."

மறுபடி முதல் நாள்.

எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. உறை கையில் வரவேண்டும், இரண்டாம் கட்டம் வரவேண்டும், அதற்குள் அவள் இருக்க வேண்டும். அவள் கேள்வி மறந்துவிடக் கூடாதே என்று நிலையத்தின் நடையில் போகும்போதும் வரும்போதும் அதை முணுமுணுத்துக்கொண்டே இருப்பேன். அங்கே தரை துடைக்கிற அம்மா ஒருத்தி, நான் கடக்கும்போதெல்லாம் துடைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். ஈரத்தில் மிதிக்கிறேன் என்று கோபம் போலிருக்கிறது என நினைத்து ஓரமாக நடப்பேன். அவள் கழுத்தில் ஓர் அட்டை தொங்கும்: கற்பவர்களிடம் பேச அனுமதி இல்லை.

அறுபதாம் நாள் வந்தது. அன்று கூண்டு கிடையாது, கூடத்தில் விழா. மேடையில் பூ ஜாடிகள். கடிகாரம் பேசினார்.

"பழைய காலத்துல ஒரு மொழி கத்துக்க இன்னொரு மனுஷன் தேவைப்பட்டான். அவன் திருத்துவான், சிரிப்பான், சில சமயம் அன்பாக்கூட இருப்பான். எவ்வளவு நேர விரயம்! அந்த இன்னொரு மனுஷனை நாங்க முழுசா நீக்கிட்டோம். இந்தச் சாதனைக்கு நம்ம லிஃப்ட்காரர்தான் சாட்சி. எழுபத்தொன்பது நாளா வீட்ல தினம் உரையாடறார். ரெண்டு பேருக்கும் ஒரு சண்டை வந்ததில்ல!"

கைதட்டினார்கள். என்னை மேடைக்கு அழைத்து அந்த உரையாடலை நடித்துக் காட்டச் சொன்னார். இரண்டு பேருடைய பங்கையும் நானே சொன்னேன். முதலில் அவள் கேள்வி, உடனே என் பதில். அரை நொடிகூடப் போகவில்லை. மறுபடி கைதட்டல். சான்றிதழ் கொடுத்தார்கள், சீல் வைத்த உறையும் கொடுத்தார்கள். இரண்டாம் கட்டம் நாளைக் காலை பத்து மணிக்கு என்று அறிவித்தார்கள்.

நடைக்கு வந்து உறையைக் கிழித்தேன். உள்ளே ஒரு துண்டுத் தாள்.

"அவர் நாளைக் காலை பத்து மணிக்கு வருவார். தயவுசெய்து காத்திருக்கவும்."

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. லிஃப்ட் கம்பெனி போனில் சொல்கிற பேச்சு! இதையா இத்தனை நாள் அவளிடம் சொன்னேன்? இதற்கா அவள் சிரித்தாள்?

தரை துடைக்கிற அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். அட்டையைக் கழற்றிக் கையில் மடக்கி வைத்திருந்தாள்.

"ஐயா, மேடையில ஒரு கேள்வி சொன்னீங்களே. அது யாரு கேட்டது?"

"என் வீட்டுக்காரி. உங்களுக்கு அந்த மொழி தெரியுமா?"

"என் மொழியே அதுதானே. இங்க சொல்லிக்குடுக்கற வேலைக்குத்தான் வந்தேன். எந்தப் பாதையில கத்துக்கிட்டேன்னு சான்றிதழ் கேட்டாங்க. எங்கம்மாகிட்டன்னு சொன்னேன். துடைக்கற வேலை குடுத்தாங்க." அவள் தயங்கினாள். "நீங்க தினம் நடையில அத முணுமுணுப்பீங்க. ஏதோ நாடகத்துக்கு மனப்பாடம் பண்றீங்கன்னு நெனச்சிட்டேன் ஐயா. பேசினா வேலை போயிடும்னாங்க."

"அர்த்தம் என்னம்மா?"

"'என் வீட்டுக்காரர் எப்ப வருவார்?'"

அஞ்சு, மறுபடி அஞ்சு. நீல உடை. கதவைப் பார்த்துத் திருப்பிய நாற்காலி. கல்யாணமான புதிதில், மொழி தெரியாத ஊரில், ஒற்றை அறையில், வெளியூர் வேலைக்குப் போன எனக்காக உட்கார்ந்திருந்த பெண் அவள். தினம் சாயங்காலம் யாரோ ஒரு கிழவன் வந்து நாளைக்குப் பத்து மணிக்கு வந்துவிடுவார் என்று சத்தியம் போலச் சொல்லியிருக்கிறான். தினம் பத்து மணிக்கு அந்தக் கிழவன் இங்கே கூண்டுக்குள் உட்கார்ந்து அதே பொய்யை இருநூறு தடவை பழகியிருக்கிறான்.

"அம்மா, 'வந்துட்டேன்'னு உங்க மொழியில எப்படிச் சொல்றது?"

சொன்னாள். சின்னச் சொல். நான் சொன்னேன், சிரித்துவிட்டுத் திருத்தினாள். மூன்றே தடவையில் வந்துவிட்டது.

பஸ்ஸில் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை, மெக்கானிக் நாளைக்கு வருவார் என்று தாள் ஒட்டியிருந்தது. நான்கு மாடியும் படியில் ஓடினேன். கதவைத் திறந்தபோது என்னிடம் மூச்சு இல்லை.

அவள் சுவர்ப் பக்கத்திலிருந்து முகத்தைத் திருப்பினாள். நீல உடையில் இருந்தாள். என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் கேட்டுவிட்டாள். அதே கேள்வி. கடைசியில் குரல் மேலே ஏறியது.

"அவர் நாளைக் காலை பத்து மணிக்கு வருவார். தயவுசெய்து காத்திருக்கவும்" என்றது என் வாய்.

அரை நொடிகூடத் தாமதிக்கவில்லை. சிவப்பு விளக்கு இருந்திருந்தால் எரிந்திருக்காது.

அவள் தலையாட்டினாள். நான் அவள் காலடியில் உட்கார்ந்து, அந்த அம்மா கற்றுக்கொடுத்த சொல்லைச் சொன்னேன். வந்துட்டேன், வந்துட்டேன் என்று எத்தனை தடவை சொன்னேனோ. அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். அழுகிற அந்நியனைப் பார்க்கிற பார்வை. இடது கையால் என் கன்னத்தைத் துடைத்தாள். பிறகு அந்தக் கையை விரித்துக் காட்டினாள். அஞ்சு. மறுபடி அஞ்சு. கவலைப்படாதீங்க, நாளைக்கு வந்துடுவார் என்று எனக்கு ஆறுதல் சொல்கிறாள்.

சரி, நாளைக்குப் பத்து மணிக்கு அவள் கண் முன்னால் அந்தக் கதவு வழியாக வருவேன் என்று முடிவு செய்தேன். மறுநாள் எட்டே முக்காலுக்குக் கண்ணாடி முன்னால் நின்று மீசையை எடுத்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடத்துக்கு முன்பு எனக்கு மீசை கிடையாது. பாதி எடுத்திருந்தபோது தங்கையின் குரல் கேட்டது. தலை வாரி முடித்துக் கிளிப் போடும்போது அவள் அப்படியே தங்கையின் கைமேல் சாய்ந்துவிட்டாள்.

டாக்டர் வந்தார், நாடி பார்த்தார், நேரத்தை எழுதிக்கொண்டார். பத்து மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. நான் எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கட்டருகில் நின்றேன். உள்ளே சுவர்க் கடிகாரம் பத்து அடித்தது. கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய், நாற்காலியைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னேன். மூச்சு வாங்கவில்லை. உச்சரிப்பில் ஒரு பிழை இல்லை.

பத்து மணி ஒரு நிமிடத்துக்குப் போன் அடித்தது. பதிவு செய்த குரல்.

"இன்று நீங்கள் வரவில்லை. உங்கள் பழக்கம் அறுந்துவிட்டது. மனம் தளர வேண்டாம். நாளை முதல் நாளிலிருந்து தொடங்கலாம்."

தங்கை அழுகையை நிறுத்தி என் பாதி மீசையைப் பார்த்தாள். "யாருண்ணா போன்ல?"

"ஒண்ணுமில்லம்மா" என்றேன். "நாளைக் காலை பத்து மணிக்கு வரச் சொல்றாங்க."